மூலையை எவ்வளவு வளைக்கலாம்?

“மூலையை எவ்வளவு வளைக்கணும் மேடம்? எட்டு பிக்சலா, பன்னிரண்டா, பதினாறா?”

காலையிலிருந்து அறவாழி நான்காவது முறையாகக் கேட்டார்.

அவருக்கு வயது நாற்பத்தேழு. இருபது வருடம் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிவிட்டு, திரை வடிவமைப்பு கற்றுக்கொள்ளக் கோவைக்கு வந்திருந்தார். கற்றுத்தருபவள் நிலோபர். வயது இருபத்தாறு.

மறுநாள் பெண்கள் கபடிப் போட்டி. அதற்கான செயலி மாலை ஆறு மணிக்கு வெளியாக வேண்டும். பன்னிரண்டு அணிகள், அணிக்கு ஒரு சின்னச் சதுரப் படம். படத்தை வெட்டி மூலைகளை வளைப்பது அறவாழியின் வேலை.

நிலோபர் அவருடைய செல்போனை வாங்கி, அவர் வெட்டிய படங்களைப் பார்த்தாள். ஹெல்மெட்டை எடுத்தாள்.

“வண்டியில ஏறுங்க சார்.”

“ஆறு மணிக்கு…”

“ஏறுங்க.”

மைதானத்தில் பொள்ளாச்சி அணி அப்போதுதான் பயிற்சி முடித்திருந்தது.

“உங்க படம் ஆப்ல வரப்போகுது. பாக்கறீங்களா?” என்றாள் நிலோபர்.

அவ்வளவுதான். ஏழு பெண்களும் பாய்ந்து வந்தார்கள். செல்போன் கைக்குக் கை பறந்தது.

“ஏய், கேப்டனப் பாருடி, கல்யாணப் பொண்ணாட்டம்!”

“ஐயோ, எம் மூக்கு!”

அறவாழிக்குப் பெருமை தாங்கவில்லை. “மூலை பதினாறு வச்சிருக்கேம்மா. நல்லா இருக்கா?”

ஒருத்தி மட்டும் திரையை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தாள். கோகிலவாணி என்று பெயர்.

“நான் எங்கீங்க சார்?”

“அட, நானும் இல்லடி!” என்றாள் இன்னொருத்தி.

அறவாழி எட்டிப் பார்த்தார். வரிசையாக நின்று எடுத்த நீளமான படம். சதுரத்துக்காக இரண்டு பக்கமும் வெட்டியது அவர்தான்.

திரையில் ஐந்து பேர் இருந்தார்கள்.

“டீம்ல சேந்துட்டேன்னு அம்மாகிட்டச் சொன்னேன். யாரும் நம்பல,” என்றாள் கோகிலவாணி. “நாளைக்கு ஊரே இதத்தானுங்க பாக்கும்.”

அவள் குரல் உடைந்தது. மற்றவர்கள் இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டார்கள். தோளோடு தோள். தலைகள் உள்ளே குனிந்தன.

“அழுவாத புள்ள. நாங்க இருக்கோம்ல.”

அறவாழி தவிப்போடு நிலோபரைப் பார்த்தார். அவள் அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் பார்த்தார்.

“நகராதீங்க!”

அவர் போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பியது.

“அப்படியே நில்லுங்க! கோகிலா, டைமர் போட்டு செல்போன நடுவுல தரையில வை! மேல பாத்த மாதிரி! பத்து செகண்ட்ல தானா எடுக்கும், எல்லாரும் குனிஞ்சு பாருங்க!”

இஸ்திரி போட்ட பேன்ட்டோடு மண்ணில் மண்டியிட்டு அவர் எண்ண ஆரம்பித்தார். பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். மூன்று… இரண்டு… ஒன்று!

படத்தின் நடுவே ஒரு துண்டு வானம். சுற்றிலும் ஏழு முகங்கள். நான்கு மூலைகளிலும் வெறும் தோள்கள்.

“நான் இருக்கேன்!” கோகிலவாணி துள்ளினாள். “நடுவுல யாருடி? ஓரத்துல யாருடி? கண்டுபுடிங்க பாக்கலாம்!”

“சார், முட்டியெல்லாம் மண்ணு,” என்றாள் நிலோபர்.

அறவாழி அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தார்.

“அடுத்த டீம் எங்க நிக்கிறாங்க மேடம்?”