பலாமரத்து வளைவு

"அம்மணி, எல்லாமே புதுசுங்க. ஆணி மொதக்கொண்டு அமெரிக்காவுல இருந்து வந்தது. அப்புறமும் வண்டி அந்தப் பலாமரத்து வளைவுல போய் நின்னுக்குது. ஏனுங்க?"

கேட்டவர் சென்னியப்பன். வயது அறுபத்தேழு.

கேட்டுக்கொண்டிருந்தவள் ஜைத்தூன். வயது நாற்பத்தொன்று. மேட்டுப்பாளையத்துக்கு வெளியே, பாக்குத் தோப்பை ஒட்டிப் பட்டறை வைத்திருக்கிறாள். செத்துப்போனதாக நாலு பேர் கைவிட்ட வண்டிகள் அவளிடம்தான் வரும்.

வயதைப் பார்த்து யார் குரு, யார் சீடன் என்று முடிவு கட்டினால் ஏமாந்து போவீர்கள். மூன்று வருடமாகச் சென்னியப்பன்தான் அவளிடம் பாடம் கேட்கிறார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கடியில் படுத்து, அவள் சொன்ன போல்ட்டை, அவள் சொன்ன அளவுக்கு, அவள் சொன்ன நேரத்தில் முடுக்குகிறார்.

கார் டெட்ராய்ட்டில் பிறந்தது. எட்டு சிலிண்டர். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கார்ப் பைத்தியங்கள் வருடம் தப்பு, மாடல் தப்பு என்று சண்டைக்கு வருவார்கள். தந்தநிறத்தில் ஸ்டியரிங். டயரில் வெள்ளை வளையம். மூக்கு நுனியில் சிறகு விரித்த ஒரு வெள்ளிப் பறவை.

அது சென்னியப்பனின் அப்பா வாங்கிய கார். அவர் போன பிறகு மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. பின்சீட்டில் கோழி முட்டையிட்டது.

அண்ணன் நாச்சிமுத்து அதைக் காயலான் கடைக்குப் போடலாம் என்றார். தம்பி கூடாது என்றார். வார்த்தை தடித்தது. கடைசியில் அண்ணன் சொன்னது இதுதான்.

"ஓட்டீட்டு வந்து காட்டுடா. அப்புறம் பேசிக்கலாம்."

அதோடு அண்ணன் கோத்தகிரிக்கு மேலே தன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். இருபத்திரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. கோபத்தில் வாயில் வந்த ஒரு வார்த்தையைத் தம்பி வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

நாலு நாளைக்கு முன் அண்ணன் மகள் போன் செய்தாள்.

"சித்தப்பா, அப்பா உங்களையேதான் கேட்டுட்டிருக்காங்க. பேச்சு கொறஞ்சுட்டே வருது. வெரசா வாங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் சென்னியப்பன் காரை எடுக்கிறார். தினமும் அது பலாமரத்து வளைவில் நிற்கிறது. தினமும் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு கீழே வந்துவிடுகிறார்.

ஜைத்தூன் பானெட்டைத் திறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க. போலாம்."

*

மலைப்பாதையில் பனி இறங்கியிருந்தது.

அந்தக் கார் ஓடும்போது ஓடுகிற மாதிரியே இருக்காது. சத்தமில்லை, குலுங்கல் இல்லை. நாம் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, மரங்களும் பாறைகளும் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பனிக்குள் திரும்பிப் போவது போலத் தோன்றும். எனக்கே ஒரு தரம் அதில் உட்கார வாய்த்தது. இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் தரையை நம்ப முடியவில்லை.

"தெனமும் கனவு வருதுங்க" என்றார் சென்னியப்பன்.

ஜைத்தூன் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்தாள்.

"கனவுல வண்டி நிக்கறதே இல்லீங்க. நேரா அண்ணன் ஊட்டு கேட்டுக்கே போயிருது. அண்ணன் அங்கதான் நிக்கறான். நான் ஆரன் அடிக்கறேன். அவன் பம்பரைப் பாக்கறான். சீட்டைப் பாக்கறான். என்னைப் பாக்க மாட்டேங்கறான்."

"நீங்க எறங்கலாமில்ல?"

"கதவு தொறக்க மாட்டேங்குதுங்க."

"அப்புறம்?"

"அதுக்குத்தான் கைப்பிடிய ரெண்டு தடவ மாத்துனேன்."

ஜைத்தூன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பலாமரம் பனியிலிருந்து வெளியே வந்தது. கார் ஒரு முறை இருமியது. நின்றது.

"பாத்தீங்களா!" என்றார் சென்னியப்பன். குரலில் வருத்தம் இருந்தது. கூர்ந்து கேட்டால் நிம்மதியும் கொஞ்சம் இருந்தது.

*

ஜைத்தூன் பானெட்டைத் தூக்கினாள். என்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் உள்ளங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்தாள்.

"ஏத்தத்துல சூடேறுது. பெட்ரோல் கொழாயிலயே ஆவியாப் போயிருது. பழைய வண்டி எதுவா இருந்தாலும் இந்த ஏத்தத்துல இப்படித்தான். பம்ப் மேல ஈரத்துணி சுத்துனாத் தீந்துச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

சென்னியப்பன் வெள்ளிப் பறவையைப் பார்த்தார்.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் ஏன் போடல?"

"பம்ப் பாலிஷ்ல தண்ணிக்கறை விழுந்துருங்க. கம்பெனி புஸ்தகத்துல ஈரத்துணியே கெடையாது."

ஜைத்தூன் அவர் தோளிலிருந்த துண்டை உருவினாள். பாறையிடுக்கில் கசிந்த நீரில் நனைத்துப் பிழிந்தாள். பம்பைச் சுற்றிக் கட்டினாள். புஸ்ஸென்று ஆவி எழுந்து பனியோடு கலந்தது.

சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். கறை விழுவதைப் பார்க்க அவருக்கு மனசில்லை.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். எங்கேயோ ஒரு பறவை கூப்பிட்டது. பதில் வரவில்லை.

"இப்ப ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க."

கார் எடுத்த எடுப்பில் கிளம்பியது. எட்டு சிலிண்டரும் ஒரே மூச்சாக.

ஜைத்தூன் பானெட்டை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "போலாம்" என்றாள்.

சென்னியப்பன் கியரில் கை வைத்தார். கை அங்கேயே இருந்தது.

"அம்மணி, பின்னாடி எடது வீலு."

"ஏன், அதுக்கென்ன?"

"அந்த வீல் கப்பு நம்ம கோயமுத்தூர்ல அடிச்சதுங்க. ஒரிஜினலு கப்பல்ல வந்துட்டிருக்குது. அண்ணன் கண்ணுக்கு மொதல்ல அதுதான் படும்."

"அது வந்துட்டா?"

"ஆரன் ரெட்டைக் கொரல்ல அடிக்கோணும். இப்ப ஒத்தைலதான் அடிக்குது."

"அதையும் சரி பண்ணிட்டா?"

"டேஷ்போர்டு கடிகாரம் ஓடலீங்களே."

"அதுவும் ஓடிருச்சுன்னு வெச்சுக்குங்க. எல்லாம் முடிஞ்சுது. போறீங்க. கேட்டு முன்னாடி வண்டிய நிறுத்தறீங்க. அப்புறம்?"

சென்னியப்பன் கியரிலிருந்து கையை எடுத்தார்.

கார் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே நின்றது. பனி திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்து, ஒன்பது வருடம் தேடிப் பிடித்த சாம்பல்நிறச் சீட்டுத் துணியின் மேல் உட்கார்ந்தது.

"என்ன பேசறதுன்னு தெரியலீங்க அம்மணி" என்றார். "இருவத்திரெண்டு வருசம். மொத வார்த்தை எதுன்னே தெரியல. கார் பேசிரும்னு நெனச்சனுங்க."

அழுதார். கிழவர் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று ஜைத்தூன் பிறகு என்னிடம் சொன்னாள்.

கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். என்ஜின் அடங்கியது. சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

*

கீழிருந்து ஒரு பஸ் முனகிக்கொண்டு ஏறி வந்தது. முதலில் இரண்டு மஞ்சள் விளக்குகள். பிறகு முகம்.

ஜைத்தூன் நடு ரோட்டில் போய் நின்று கையை உயர்த்தினாள்.

டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, உசுரு கசக்குதா? இங்க ஏது ஸ்டாப்பு?"

"ஒரு ஆளு ஏறோணும்."

"கார் இருக்குதில்ல?"

"நின்னுருச்சு."

சென்னியப்பன் பதறிக்கொண்டு இறங்கினார்.

"அம்மணி, நல்லாத்தான ஓடுச்சு! இப்பத்தான சரி பண்ணுனீங்க!"

"நின்னுருச்சு" என்றாள் ஜைத்தூன் மறுபடியும்.

"கார் இல்லாமப் போய் எப்படிங்க நிக்கறது? ஓட்டீட்டு வந்து காட்டுன்னு சொல்லியிருக்கறான்."

"அது அன்னிக்கு. உங்கண்ணன் மக போன்ல என்ன சொல்லுச்சு?"

"அண்ணன் கேட்டுட்டே இருக்கறானாம்."

"எதை?"

பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ விசிலடித்தார்கள். டிரைவர் ஆரனை அழுத்தினார். அது ஒரே குரலில், கரகரவென்று, மலை முழுக்கக் கேட்டது.

சென்னியப்பன் காரைப் பார்த்தார். ஜைத்தூனைப் பார்த்தார். வேட்டியில் கிரீஸ். தோளில் துண்டில்லை. கன்னத்தில் ஈரம். காரை அண்ணனிடம் காட்டும் நாளுக்கென்று அவர் தைத்து வைத்திருந்த பட்டுச் சட்டை வீட்டுப் பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இப்படியேவா?" என்றார்.

ஜைத்தூன் பஸ்ஸின் படியைக் காட்டினாள்.

ஏறினார்.

பஸ் நகர்ந்தது. கூடையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். ஜன்னலுக்கு வெளியே கார் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. முதலில் வெள்ளை டயர்கள் மறைந்தன. பிறகு ஜைத்தூன். அவர் எட்டிப் பார்க்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தபடி இருந்தது.

கண்டக்டர் வந்து பக்கத்தில் சாய்ந்து நின்றார்.

"எங்கீங்க போகோணும்?"

கோத்தகிரியா, அதற்கு மேலேயா, எந்த ஸ்டாப் என்றுதான் அவர் கேட்டார்.

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கண்ணன் ஊட்டுக்கு."