கொட்டாங்குடிக்கு வக்கீல் தேடிய கதை

கொட்டாங்குடி ஏரி கொட்டாங்குடிக்காரர்களுடையதுதான். இருந்தாலும் வழக்கில் தோற்றுவிட்டார்கள். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல், "இந்த ஏரியில் யார் வசிக்கிறார்கள்?" என்று கேட்க, ஊரே சேர்ந்து, "மீனுங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டது.

மேல் கோர்ட்டுக்குப் போவதற்குள் நமக்கென்று ஒரு வக்கீல் வேண்டும் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் மொத்தம் மூன்று பேர்: ஒண்டிவேலு, சடையப்பன், பூவலிங்கம். மூவரையும் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

டவுனில் தமயந்தி டீச்சர் பயிற்சி வகுப்பு நடத்திவந்தார். முதல் நாளே பலகையில் ஒரு கேள்வி எழுதினார்.

"மழை பெய்தால் கந்தன் குடை பிடிப்பான். கந்தன் குடை பிடிக்கவில்லை. அப்படியென்றால் மழை பெய்ததா, பெய்யவில்லையா, கூற முடியாதா?"

மூவரும் மூலையில் போய் ஆலோசனை செய்துவிட்டுத் திரும்பினார்கள்.

"கூற முடியாது டீச்சர்" என்றான் ஒண்டிவேலு.

"ஏன்?"

"அவன் குடையத் தொலைச்சிட்டான் போல. பாவம், வீட்டுல தெரிஞ்சா திட்டுவாங்க. நாங்க கூற மாட்டோம்."

டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"இங்க பாருங்க. ஒரே ஒரு விதிதான். 'இது நடந்தால் அது நடக்கும்'னு சொன்னா, அதைத் தலைகீழாத் திருப்பி, ரெண்டு பக்கமும் 'இல்லை' போடணும். அது நடக்கலைன்னா, இதுவும் நடக்கலை. எதைப் பார்த்தாலும் இப்படிப் போட்டுப் பழகுங்க."

எதைப் பார்த்தாலும் என்று டீச்சரே சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா? அன்று மத்தியானமே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பார்த்ததும் சடையப்பன் ஆரம்பித்தான்.

"பசிச்சா சாப்பிடுவோம். சரியா? திருப்பிப் போடு."

"சாப்பிடலைன்னா பசிக்கலை" என்றான் பூவலிங்கம்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக இது தெரியாமல் மூன்று வேளையும் தின்று தீர்த்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. பொட்டலத்தைக் காக்காய்க்குப் போட்டார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒண்டிவேலு பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தான்.

"பசியா இருக்குமோ?" என்றான் பூவலிங்கம்.

"எப்படிடா இருக்கும்? அவன்தான் சாப்பிடவே இல்லையே!" என்றான் சடையப்பன்.

டீச்சர் மூவருக்கும் இட்லி வாங்கிப்போட்டுக் காப்பாற்றினார். அத்தோடு பயிற்சி முடிந்துவிட்டதாகவும் சொல்லிவிட்டார்.

தேர்வு நாள் வந்தது. பஸ்ஸில் ஏறும்போதே, "பஸ் நின்னா இறங்குங்க, ஓடும்போது இறங்காதீங்க" என்றார் கண்டக்டர். பஸ் பதினோரு இடத்தில் நின்றது. பதினோரு இடத்திலும் இறங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த பஸ் வரும்வரை காத்திருந்து ஏறினார்கள். பத்து மணித் தேர்வுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை.

வாசல் பூட்டியிருந்தது. 'தாமதமாக வந்தால் உள்ளே இருக்க அனுமதி இல்லை' என்று பலகை.

சடையப்பன் கலங்கவில்லை. "திருப்பிப் போடு. உள்ளே இருந்தா, தாமதமா வரலை."

பின்பக்கச் சுவரேறிக் குதித்தார்கள்.

"மணி என்ன தெரியுமா?" என்று கத்தினார் கண்காணிப்பாளர்.

"நாங்க உள்ள இருக்கோம் சார். உள்ள இருந்தா லேட் இல்லைன்னு உங்க பலகையே சொல்லுது" என்றான் சடையப்பன்.

கண்காணிப்பாளர் வெளியே போய்ப் பலகையை இரண்டு முறை படித்தார். திரும்பி வந்து வினாத்தாள் கொடுத்தார். அரை மணி நேரம் மிச்சமிருந்தது.

வினாத்தாளின் தலைப்பில், 'விடை தெரியாவிட்டால் அடுத்த கேள்விக்குச் செல்லவும்' என்று அச்சடித்திருந்தது.

"அடுத்த கேள்விக்குப் போகலைன்னா, விடை தெரியும்!" என்று கிசுகிசுத்தான் ஒண்டிவேலு.

மூவரும் முதல் கேள்வியிலேயே கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்கள். விடைதான் தெரியுமே, பிறகு எதற்கு எழுதுவது? பக்கத்தில் ஒரு பெண் நூறாவது கேள்விவரை ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ஒண்ணுமே தெரியாது போல, பாவம்" என்று பூவலிங்கம் பரிதாபப்பட்டான்.

"பாஸானா வீட்டுக்குக் கடிதம் வரும்" என்று சொல்லி அனுப்பினார் கண்காணிப்பாளர்.

இரண்டு மாதம் கடிதம் வரவில்லை. மூவரும் விதியைப் போட்டுப் பார்த்தார்கள். கடிதம் வரலைன்னா, பாஸாகலை. வாழ்க்கையிலேயே முதல் முறையாக விடை சரியாக வந்தது.

"குறையிறது கடிதம்தானே? அதை வரவெச்சிட்டா?" என்றான் சடையப்பன்.

பூவலிங்கத்துக்குக் கையெழுத்து அழகு. அவனே தனியாக உட்கார்ந்து எழுதினான், உறையை ஒட்டினான், டவுனுக்குப் போய்த் தபாலில் போட்டான். மூன்றாம் நாள் தபால்காரர் கொண்டுவந்தார். ஊரே மேளத்தோடு கூடிவிட்டது. ஒண்டிவேலு உறையைப் பிரித்து உரக்கப் படித்தான்.

'அன்புள்ள மூவருக்கும், நீங்கள் பாஸாகவில்லை. வருத்தத்துடன்.'

மேளம் நின்றது. பூவலிங்கம் பிறந்ததிலிருந்து பொய் எழுதிப் பழகாதவன். அவன்தான் முதலில் கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தான். பார்த்ததும் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான்.

"எவ்வளவு ஆசையா எதிர்பார்த்தேன்! பாருங்கடா, அச்சு அசல் என் கையெழுத்திலேயே எழுதி என்னை ஃபெயிலாக்கிட்டானுங்க!"

சடையப்பன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான். "விடுடா. அடுத்த வருஷம் இன்னும் நல்லா எழுது."

"பரீட்சையவா?"

"கடிதாசிய."