இரண்டு நெற்றும் மூன்று பழமும்

மலைக்காட்டில் ஒரு பெண் இருவாட்சிப் பறவை, தன் இனத்தின் வழக்கப்படி, மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு முட்டையிட்டது. அலகு நுழையும் அளவுக்குத்தான் சந்து. ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அதன் வழியே ஊட்ட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பட்டினிதான்.

முதல் குஞ்சு பொரித்த அன்று, பாழாய்ப்போன சூறைக்காற்று ஆண் பறவையின் சிறகை முறித்துவிட்டது. பக்கத்து மரத்துக் கருமந்தி ஓடிவந்தது. "கவலையை விடுங்க அண்ணே! பழம் கொடுப்பது என் பொறுப்பு!" என்று மார்தட்டியது.

பெண் பறவை உள்ளிருந்து சொன்னது: "வேளைக்குக் குஞ்சு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பழம். எனக்கு மூன்று."

"ஐந்து! இதெல்லாம் ஒரு கணக்கா?" என்று சிரித்தது மந்தி.

ஐந்து பழம் தவறாமல் போயிற்று. அடுத்த குஞ்சும் பொரித்தது. அப்போதும் ஐந்துதான்! தாய்க்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. காட்டில் பழம் குறைந்துவிட்டது போலும் என்று நினைத்து அது கூடுதலாகக் கேட்கவில்லை.

கீழே கிடந்த ஆண் பறவைக்கு அதன் குரல் மெலிந்தது கேட்டது. உடனே மந்தியைக் கூப்பிட்டது.

"தம்பி, எத்தனை பழம் கொடுக்கிறாய்?"

"ஐந்து! ஒன்றுகூடக் குறைத்ததில்லை!"

"குஞ்சு எத்தனை?"

மந்தி தலையைச் சொறிந்தது. "அதை நான் கேட்கவே இல்லையே!"

ஆண் பறவை இரண்டு காய்ந்த நெற்றுகளை அலகால் தள்ளி வைத்தது. "கூட்டில் எத்தனை குஞ்சோ, ஒரு நெற்றுக்கு அத்தனை பழம் என்று வை. தலைக்கு இரண்டு பழம் அல்லவா? அதனால் இரண்டு நெற்று. தாய்க்குத் தனியாக மூன்று பழம்."

"இரண்டும் மூன்றும் ஐந்துதானே!" என்று துள்ளியது மந்தி. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா!

"அடேய்! நெற்றும் பழமும் ஒன்றா? முதலில் குஞ்சு எத்தனை என்று கேள். பிறகு சேர்!"

மந்தி ஓடிப்போய்க் கேட்டது.

"இரண்டு," என்றது ஈனக் குரல்.

மந்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. நெற்றுக்கு இரண்டாக நான்கு. தனியாக மூன்று. ஆக, ஏழு! பழங்களைப் பறித்து வந்து சந்து வழியே ஒவ்வொன்றாக ஊட்டியது. தாய் தன் மூன்றையும் ஆசை தீரத் தின்றது.

மறுநாள் பழம் பறிக்கும் முன்பே மந்தி பொந்தருகே போனது. "அண்ணி! இன்றைக்குக் குஞ்சு எத்தனை?"

"மூன்று!"

மந்தி யாரையும் கேட்கவில்லை. ஒன்பது பழத்தோடு வந்து நின்றது. பொந்துக்குள் எழுந்த கும்மாளத்தைக் கேட்டு ஆண் பறவை சிறகு வலியையும் மறந்து சிரித்தது.

நேற்றைய விடை எவ்வளவு சரியாக இருந்தாலும், கணக்கின் வழி தெரியாதவனை நம்பியவர்கள் இன்று பட்டினி கிடக்க நேரும்.