யாரும் வராத பந்தல்

உலகம்மையின் மடத்துக்கு நமச்சிவாயம் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவான உலகம்மைக்கு அவரைவிடப் பதினாறு வயது குறைவு. நமச்சிவாயம் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தமிழ் நடத்தியவர். மனைவி இறந்த மறுமாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மடத்தில் எல்லாருடைய தட்டையும் அவர்தான் கழுவுவார். யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார்.

ஒருநாள் அவர் கேட்டார்.

“அம்மா, மனத்துக்குள் உயர்வு தாழ்வு என்ற பேதம் ஏதாவது ஒளிந்திருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?”

“தேடிப் பார்த்தீர்களா?”

“பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.”

உலகம்மை வாசலில் காய்ந்த வெயிலைப் பார்த்தார்.

“கோடை வந்துவிட்டது. பொட்டலில் தண்ணீர்ப் பந்தல் வைக்க ஆள் வேண்டும். அங்கே போய்த் தங்குகிறீர்களா?”

“எத்தனை நாள்?”

“நான் வருகிறவரைக்கும்.”

பொட்டல் மூன்று மணி நேர நடைத் தூரத்தில் இருந்தது. பக்கத்தில் ஊர் கிடையாது. நாலு கம்பு, மேலே பனையோலை, கீழே மூன்று பானை. சுற்றிலும் கருவேலம் புதர். ஊருணிக்கு அரை மைல் நடக்க வேண்டும். நமச்சிவாயம் விடிவதற்குள் பானைகளை நிரப்பிவிடுவார். அந்த வழியாகப் போகிறவர்களுக்குப் பகல் முழுக்கத் தண்ணீர் வார்ப்பார். எல்லாருக்கும் ஒரே செம்பு.

முதல் வாரம் தெரிந்த பாட்டையெல்லாம் பாடிக்கொண்டிருந்தார். பிறகு தன் குரலே யாருடையதோ போலக் கேட்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். இறந்துபோன மனைவியிடம் பேசிப் பார்த்தார். “சாப்பிட்டாயா?” என்று கேட்டார். பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். ஒருநாள் பையை எடுத்துத் தோளில் மாட்டி மடத்தை நோக்கி நடந்தேவிட்டார். பானை வற்றிவிடுமே என்று பாதி வழியில் திரும்பினார்.

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் உலகம்மை வந்தார். தூரத்தில் அவரைக் கண்டதும் நமச்சிவாயம் ஓடினார். கிட்டப் போனதும் அழுதுவிட்டார்.

“என்ன ஆயிற்று?”

“மனுஷ முகம் பார்த்து எத்தனை நாளாயிற்று அம்மா!”

“யாரும் வரவில்லையா?”

“ஒரே ஒருவர் வந்தார். வழி தவறி வந்துவிட்டார். ஞானப்பிரகாசம் என்று பெயர், கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். பாவம், அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் போன பிறகுதான் இந்த இடம் இன்னும் வெறிச்சென்று ஆகிவிட்டது.”

“அப்புறம்?”

“யாருமில்லை. நடுவில் காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தேன். செத்திருந்தால் நீங்கள் வந்துதான் பார்த்திருப்பீர்கள்.”

உலகம்மை பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை பானை செலவாகிறது?”

“மூன்று. வெயில் கடுமையாக இருந்தால் நாலு.”

“யார் குடிக்கிறார்கள்?”

“கரிமூட்டை சுமக்கிறவர்கள். ஆடு மேய்க்கிறவர்கள். இப்படிப் போகிறவர்கள், வருகிறவர்கள்…”

நமச்சிவாயம் பானைகளைத் திரும்பிப் பார்த்தார்.

“காய்ச்சலில் கிடந்தபோது பானை காலியாகவா இருந்தது?”

“இல்லை. கரி சுமக்கிறவள் ஒருத்தி நிரப்பி வைத்தாள். கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள்.” அவர் குரல் இறங்கிவிட்டது. “மூன்று நாளும் வந்தாள்.”

உலகம்மை காலிச் செம்பைப் பானைமேல் வைத்தார். நமச்சிவாயம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வெயில் ஏறியது. தெற்கேயிருந்து ஆறு பெண்கள் கரிமூட்டைகளோடு வந்தார்கள். மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு வரிசையாகக் கையேந்திக் குனிந்தார்கள். நமச்சிவாயம் தண்ணீர் வார்த்தபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகத்திலும் கரி படிந்திருந்தது. கஞ்சி கொண்டுவந்தவர் யாரென்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நாலாவதாக நின்ற பெண் நிமிர்ந்தார்.

“காய்ச்சல் நல்லா விட்டுருச்சா சாமி?”

நமச்சிவாயம் செம்பைத் தாழ்த்தினார்.

“உங்க பேர் என்னம்மா?”

அந்தப் பெண் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“சீனியம்மா. முன்னாடியும் கேட்டீகளே சாமி. இதோட நாலாந்தடவை சொல்றேன்.”

அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு நடந்துவிட்டார்.

அவர்கள் புதர்களுக்கு அப்பால் மறையும்வரை நமச்சிவாயம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பானைகளுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

“அம்மா, இத்தனை நாளும் நான் இங்கே தனியாக இருந்தேன் என்றுதான் நினைத்தேன்.”

“சீனியம்மாவும் இத்தனை நாளும் இந்த வழியாகத்தான் வந்திருக்கிறார்,” என்றார் உலகம்மை. “அவர் வந்தபோதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கப் பந்தலில் யாரும் இல்லை.”