சின்னக் குழாய் அசையாத நாள்

முன்பு ஒரு கடலோர ஊரில், மாதா கோயில் பாண்டுக் குழுவுக்கு டியூபா ஒன்று தேவைப்பட்டது. டியூபா என்றால் மடியில் பிள்ளையை வைப்பதுபோல் வைத்து ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம். கூட்டத்துக்கே அடிக்குரல் அதுதான். அது சுருதி தப்பினால் மற்றப் பதினெட்டு வாத்தியமும் சேர்ந்து தப்பும்.

கடைக்காரர் இரண்டை அனுப்பினார். இரண்டு வாரம் ஊதிப் பாருங்கள், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புங்கள் என்றார். தங்குகிற டியூபாவுக்குத் திருவிழா அன்று மாதா சப்பரத்துக்கு முன்னால் போகிற பாக்கியம்.

ஒன்று வெள்ளி முலாம் பூசியது. அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பாண்டுக்காரர்கள் அதற்குத் துரை என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்த நிமிடமே அவருக்குத் தோரணையும் வந்துவிட்டது. மற்றது செம்பு நிறம். அவன் செம்பன்.

துரைக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்மையிலேயே இருந்தது, இல்லை என்று சொன்னால் பாவம். டியூபா ஊதுகிற இஞ்ஞாசி உதட்டை வைத்தாரோ இல்லையோ, சத்தம் பதிலாக வந்து விழும். செம்பன் கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறப்பான். உள்ளே ஆட்டுக்கல்லா உருட்டுகிறாய் என்று துரை கேட்பார். செம்பன் சிரித்துவைப்பான்.

சுருதியிலும் துரை பேரில் குறை சொல்ல முடியவில்லை. பாண்டு மாஸ்டர் செலஸ்டின் மேசைமேல் வைத்திருந்த சுருதிமானியின் முள், துரை எந்தச் சுரம் பாடினாலும் நட்டநடுவில் நின்றது. வந்தவர் போனவர் எல்லாரும் இஞ்ஞாசியின் வலது கையைப் பார்த்தார்கள். வால்வுகளை அமுக்குகிற கை அது, விரல்கள் ஆடுவது பார்க்க அழகு. இடது கையை ஒருவரும் பார்க்கவில்லை. அது துரையின் தோளோரம் இருந்த சின்னக் குழாய் ஒன்றைப் பிடித்து, சில சுரங்களுக்கு வெளியே இழுத்தும் சிலவற்றுக்கு உள்ளே தள்ளியும் விட்டுக்கொண்டிருந்தது. குழம்பு ருசித்தால் சட்டியைப் புகழ்கிற சனங்கள், அவர்களைச் சொல்லி என்ன?

துரைக்கு அந்தச் சின்னக் குழாயைக் கண்டாலே ஆகாது. அவள் உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். சுரத்துக்குச் சுரம் ஏறி இறங்கி, சரக் சரக்கென்று சத்தம் வேறு. தன்னைப்போல் ஒரு பெரிய இடத்தில் ஒட்டிக்கொண்டும் அவளுக்கு ஒரு நிதானம் வரவில்லையே என்பது அவர் குறை. வாய்விட்டே சொல்வார். அவள் பதில் பேசியதில்லை. அடுத்த சுரம் வந்துவிடும், பேச நேரம் ஏது?

முடிவு செய்கிற ஞாயிறும் வந்தது. காலைப் பூசை முடிந்து பங்குச் சாமியாரும் ஊர்ப் பெரியவர்களும் பாண்டு அறையில் வந்து உட்கார்ந்தார்கள். கதவுக்கு வெளியே கூட்டம். துரை சின்னக் குழாயை அதட்டினார்.

"பெரிய மனுசங்க வந்திருக்காங்க. இன்னைக்கு ஒரு நாளாவது ஆடாம அசங்காம இரு. என் மானத்தை வாங்காதே."

"நான் அசையலேன்னா…" என்று அவள் ஆரம்பித்தாள்.

"உன்னைக் கேட்டனா?" என்றார் துரை.

அவள் தன் இடத்தில் இறுகிக்கொண்டாள்.

முதலில் பதில் சொல்கிற சோதனை, உதடு பட்டதும் எவ்வளவு சீக்கிரம் சத்தம் வருகிறது என்று. துரை செம்பனைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். சாமியாரே தலையாட்டினார். ஒரு பெரியவர், இதுக்கு மேல என்ன பாக்கணும், இதையே வச்சிருவோம் என்றார். துரைக்குச் சப்பரத்தின் மல்லிகை வாசம் அப்போதே அடித்தது.

அடுத்தது சுருதி. முதல் இரண்டு சுரமும் சரி. மூன்றாவதுக்கு இஞ்ஞாசி இரண்டு வால்வுகளைச் சேர்த்து அமுக்கினார். இடது கை வழக்கம்போல் சின்னக் குழாயை இழுத்தது. அவள் வரவில்லை. சுருதி ஏறி, முள் துள்ளி வலப்பக்கம் போய் நின்றது. இஞ்ஞாசி உதட்டைத் தளர்த்திச் சுருதியை இறக்கப் பார்த்தார். தொண்டையில் மீன்முள் மாட்டியவன் முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. வெளியே யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உள்ளேயும் தொற்றியது.

இன்னொரு தடவை ஊது என்றார் மாஸ்டர். ஊதினார். அதே கூத்து, இன்னும் சத்தமாக.

செலஸ்டின் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பதிலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லப்பா. சொல்லுத பதிலுதான் தப்பா இருக்கு."

மனிதனுக்கு அவமானம் வந்தால் முந்தானையோ துண்டோ கையோ இருக்கிறது, முகத்தை மூடிக்கொள்ள. துரைக்கு என்ன இருக்கிறது? அந்தப் பெரிய வாய் கூரையைப் பார்த்துத் திறந்தது திறந்தபடி நின்றது. போதாக்குறைக்கு வெள்ளி உடம்பு. அறையில் சிரித்த முகம் ஒவ்வொன்றும் அவர் மேலேயே தெரிந்தது.

பிறகு செம்பனை எடுத்தார்கள். மெதுவாக வாயைத் திறந்தான், முள் நடுவில் நின்றது. அதே மூன்றாவது சுரத்தில் செம்பனின் தோளோரம் ஒரு சின்னக் குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கியதைத் துரை அன்றைக்குத்தான் பார்த்தார். இரண்டு வாரம் பக்கத்திலேயே இருந்தும் அதுவரை கண்ணில் படவில்லை.

செம்பனை இறக்கி வைத்ததும் துரை குரலைத் தாழ்த்தி, உனக்குமா என்று கேட்டார்.

"எனக்கு மட்டும் என்ன?" என்றான் செம்பன். "அந்த ரெண்டையும் சேத்து அமுக்குனா நம்ம வம்சத்துக்கே சுருதி ஏறும். பிறவிக் கோளாறு. அவதான் பிடிச்சு இறக்குதா. காலையில அவளைக் கூப்பிட்டு, எண்ணெய் விட்டாச்சான்னு கேட்டேன். நான் செஞ்சது அம்புட்டுத்தான்."

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்தியிருந்தால்கூடத் துரைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

செம்பனுக்கு அப்போதே மாலை போட்டார்கள். துரையைப் பெட்டியில் வைக்க இஞ்ஞாசி தூக்கினார். ஊதிய மூச்சில் உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, என்னதான் ஆச்சோ, நேத்து வரைக்கும் தங்கமா இருந்துச்சே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இடது கையால் சின்னக் குழாயைச் சும்மா ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். இப்போது அவள் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தாள். அவர் நெற்றியைச் சுருக்கினார், தள்ளி மூடினார், பெட்டிக்குள் இறக்கினார்.

மூடி கவிழும்போது சின்னக் குழாய் முதல்முறையாகத் தானாகப் பேசினாள். கேலி இல்லை, கோபம் இல்லை. பயந்துபோய்க் கேட்டாள்.

"அசையாதேன்னு சொன்னீங்க. அசையவே இல்ல. சரியாத்தானே இருந்தேன்?"

மூச்சு உள்ளே போகும் முன்னே பதில் சொல்லிப் பேர் வாங்கிய துரை, பெட்டி லாரியில் ஏறி, கடற்கரை தாண்டி, ஊர் எல்லை தாண்டிப் போகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.