தொட்டிச் சுவரில் ஒரு டியூப் துண்டு

"ஆயுசு முழுக்க எனக்கு மௌன விரதம் கொடுங்கம்மா" என்றார் தாமோதரன்.

அழகுநாச்சி அம்மாள் முறத்தில் இருந்த உளுந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பதினோரு நாள் விரதம் என்னாச்சு அண்ணாச்சி?"

"நேத்து முறிஞ்சுபோச்சு. ரசத்துல உப்பு இல்லைன்னு சமையல்கார இசக்கியைத் திட்டிட்டேன்."

"கேட்டுச்சு. மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்."

தாமோதரனுக்கு அறுபத்தியொரு வயது. முப்பது வருடம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். மருமகளைச் சொல்லக்கூடாத சொல் சொல்லிவிட்டார். அவள் கைக்குழந்தையுடன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் கையெடுத்துக் கும்பிட்டு அப்பாவை இந்த ஆசிரமத்தில் விட்டுவிட்டுப் போனான்.

"அடுத்த மாசம் பேரனுக்குக் காதுகுத்து" என்றார். "வாயைத் திறக்காம இருக்க முடிஞ்சா வாங்கப்பா, இல்லேன்னா வேண்டாம்னு பையன் சொல்லிட்டான். அதான் கேட்கிறேன். ஒரேயடியா அடைச்சிடுங்க."

அம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஆசிரமத்தை நடத்துகிறவள்; இங்கே வருவதற்கு முன்னால் கட்டட வேலையில் சித்தாளாகச் சேர்ந்து கொத்தனாராக உயர்ந்தவள்.

"தண்ணித்தொட்டிச் சுவர் ஒழுகுது. வாங்க, அதை முதல்ல பார்ப்போம்."

தொட்டி ஆசிரமத்துக்குப் பின்னால் இருந்தது. ஆளுயரக் கருங்கல் சுவர். மழைத்தண்ணீர் விளிம்புவரை நின்றது. சுவரில் ஐந்து இடத்தில் கசிவு. நடுவில் இருந்த ஓட்டையிலிருந்து மட்டும் விரல் கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது.

"தண்ணியை வடிச்சிட்டு அடைக்கலாமே?"

"வடிச்சிட்டா சித்திரையில எதைக் குடிக்கிறது?"

அவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். சாம்பல் நிறத் தூள்.

"இது ஓடுற தண்ணியிலயே இறுகுற சிமெண்ட். கையுறை போட்டுக்கிடுங்க. ஒரு கைப்பிடிக்கு மேல குழைக்காதீங்க. மூணு நிமிஷத்துல கல்லாயிடும்."

பிறகு உளியை எடுத்து நடு ஓட்டையின் ஓரத்தைக் கொத்தினாள். தண்ணீர் இன்னும் வேகமாக வந்தது.

"ஓட்டையைப் பெரிசாக்குறீங்களே."

"மேலாப்புல பூசினா பொருக்கு மாதிரி உதிர்ந்துடும்."

உளியைத் துடைத்துவிட்டு அவள் நகர்ந்து நின்றாள்.

"நீங்க அடைங்க. எதுல ஆரம்பிக்கிறதுன்னு நீங்களே பாருங்க."

தாமோதரன் யோசிக்கவே இல்லை. பெரிய ஓட்டையின் முன்னால் போய் நின்றார்.

சிமெண்டைக் குழைத்து உருட்டினார். உள்ளங்கையில் உருண்டை சூடேறியது.

"இப்ப வைங்க. கையை எடுக்காதீங்க."

முழு பலத்தோடு அழுத்திப் பிடித்தார். முதலில் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. பிறகு குறைந்தது. பிறகு நின்றது.

கையை எடுத்தார். உருண்டை சுவரோடு சுவராக இருந்தது.

"ரைட், போலாம்" என்றார். ஆசிரமத்துக்கு வந்த இந்த மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

சிரிப்பு முடிவதற்குள் இடதுபக்கக் கசிவு பீய்ச்சத் தொடங்கியது.

ஓடிப்போய் அதை அடைத்தார். முழங்கால் உயரத்தில், இதுவரை காய்ந்திருந்த ஒரு இடுக்கில் தண்ணீர் பொத்துக்கொண்டது. அதற்குக் குனிந்தார். தலைக்கு மேலே ஒன்று திறந்தது. பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினார். நடுவில் அடைத்த உருண்டை பிதுங்கி வெளியே வந்து அவர் காலருகில் விழுந்தது.

தாமோதரன் சுவரைத் திட்டினார். சுவரைக் கட்டியவனைத் திட்டினார். கட்டியவனின் தகப்பனைத் திட்டினார்.

சமையல்கட்டு ஜன்னலில் இசக்கியின் தலை தெரிந்தது. "இன்னைக்கு நான் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு மறைந்தது.

தாமோதரன் நனைந்த சட்டையோடு நின்றார். அவர் தலை குனிந்திருந்தது.

அம்மாள் இடுப்பில் செருகியிருந்த ஒரு சாண் நீள ரப்பர் டியூப் துண்டை எடுத்தாள். நடு ஓட்டைக்குள் அதைச் செருகினாள். டியூபைச் சுற்றிச் சிமெண்டை வைத்து அழுத்திப் பிடித்தாள். டியூபின் வாயை மூடவில்லை.

தண்ணீர் அதன் வழியாக ஒரே சீராக விழுந்தது. கீழே ஒரு வாளியை நகர்த்தி வைத்தாள்.

"இப்ப மத்ததைப் பாருங்க."

தாமோதரன் பார்த்தார். பீய்ச்சிக்கொண்டிருந்த இடங்களில் இப்போது சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

ஒவ்வொன்றாக அடைத்தார். ஒன்று பிடித்தது. அடுத்தது பிடித்தது. எதுவும் பிதுங்கவில்லை. கடைசி ஓட்டை அடைபட்டபோது வாளி மூன்றாவது முறை நிறைந்திருந்தது.

மீதித் தூளைக் குழைத்துக்கொண்டு டியூபிடம் வந்தார்.

அம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இது இன்னைக்கு வேண்டாம்."

"எப்ப?"

"மத்ததெல்லாம் நல்லா இறுகட்டும். நாளைக்கோ மறுநாளோ, சின்னதா ஒரு உருண்டை. போதும்."

"அதுவரைக்கும் வீணா ஓடுமே."

"செடிக்கு ஊத்துவோம்."

தாமோதரன் டியூபையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த சிமெண்ட் கல்லாகிவிட்டது. அதைக் கீழே போட்டார்.

"என் விரதம்?" என்று கேட்டார். குரல் மெதுவாக இருந்தது.

"எப்ப இருந்து இப்படி ஏசுறீங்க அண்ணாச்சி?"

"ரிடையர் ஆனதுல இருந்து." உடனே திருத்தினார். "இல்ல. அதுக்கு அப்புறம்தான். என் சம்சாரம் போனதுல இருந்து."

"அன்னைக்கு அழுதீங்களா?"

"எல்லாரும் அழுதாங்க. ஐஸ் பெட்டி, பந்தல், வந்தவங்களுக்குக் காப்பின்னு நான் ஓடிட்டு இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் கேட்கலை. நானும் சொல்லலை."

அம்மாள் சிமெண்ட் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அதன்மேல் உட்கார்ந்தாள். எதிரே இருந்த கல்லை அவருக்குக் காட்டினாள்.

"காதுகுத்துக்கு இன்னும் எத்தனை நாள்?"

"இருபத்தாறு."

"போதும்" என்றாள். "உங்க சம்சாரம் பேர் என்ன?"

தாமோதரன் கல்லில் உட்கார்ந்தார். கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். ஊருக்கே கேட்கும் அவர் குரல், எதிரில் இருந்தவளுக்கு மட்டும் கேட்டது.

"சண்முகவடிவு."