வரியன் கொடுத்த முதல் துண்டு

புலிச்சுறா வரியனின் வாயில் எத்தனை வரிசைப் பல் என்று எண்ணப் போன கணவாய் மீன் இன்னும் திரும்பி வரவில்லை. அப்பேர்ப்பட்ட வரியன் அன்று சாளைமீன் குஞ்சைப் போலத் துள்ளிக்கொண்டிருந்தான். மூன்று மழைக்காலம் காத்திருந்த பிறகு அவன் மனைவி நீலி பிள்ளைத்தாய்ச்சி ஆகியிருந்தாள்.

சுறாக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சூல் கொண்டவளுக்குத் திமிங்கிலத்தின் அடிவயிற்றுக் கொழுப்பில் முதல் துண்டைக் கொடுக்க வேண்டும். அவள் தின்ற பிறகுதான் மற்றவர்கள் வாய் வைக்கலாம். அப்படிச் செய்தால் குட்டி பிறந்த அன்றைக்கே படகைக் கடிக்கும் என்று பேச்சு. ஆனால் திமிங்கில வேட்டைக்குக் கடல்சபை தடை போட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

தடையை நீக்கச் சொல்லி வரியன் சபையைக் கூட்டினான். கிழட்டு ஆமையார் எதிர்த்தார். திமிங்கிலம் பாடும், பிள்ளையை இழந்தால் நாள்கணக்கில் அழும், அதைக் கொல்வது பாவம் என்றார். பாட்டனும் பூட்டனும் தின்றதை நான் மட்டும் ஏன் தின்னக்கூடாது என்றான் வரியன். வாதம் மூன்று பௌர்ணமிக்கு நீண்டது. பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த பவளப்பாறை ஒரு முழம் வளர்ந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு நடுவே ஆற்று முகத்துவாரத்திலிருந்து குழியன் என்ற நண்டு வந்தான். எட்டுக் கால்களில் மூன்றைக் காணோம். கரையில் இருக்கும் சாயப்பட்டறைக் குழாய் ஆற்றில் விஷத்தை ஊற்றுகிறது, அதைக் கூனி இறால் தின்கிறது, கூனியைச் சாளை தின்கிறது என்று ஆரம்பித்தான்.

வரியன் மறித்தான். "நீ எந்தப் பக்கம்? வேட்டை வேணுங்கிற பக்கமா, வேண்டாங்கிற பக்கமா?"

"ரெண்டும் இல்லைங்க ஐயா. நான் குழாயைப் பத்தி..."

"குழாய் உன் வாசல்ல இருக்கு. என் வாசல்ல இல்லை."

சபை சிரித்தது. நண்டு நடப்பதுதான் கோணல் என்றால் பேசுவதும் கோணலாக இருக்கிறதே என்று ஒரு கெளுத்தி கேலி செய்தது. ஆமையாரும் சிரித்துவிட்டார். தோற்றுக்கொண்டிருந்த அவருக்கு அன்று சிரிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான். குழியன் மிச்சக் கால்களை இழுத்துக்கொண்டு வந்த வழியே போனான்.

ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தடை நீங்கியது.

மறுநாளே வரியன் தன் கூட்டத்தோடு கிழத் திமிங்கிலம் பெரியாத்தாளை மடக்கினான். அவள் ஓடவில்லை.

"என்னை விட்டுடுன்னு நான் கெஞ்சல, வரியா," என்றாள். "அந்த நண்டு சொல்ல வந்த விஷமெல்லாம் என் கொழுப்புலதான் சேர்ந்து கிடக்கு. நான் தின்ன ஒவ்வொரு சாளையும் ஒரு துளி கொண்டு வந்துச்சு. என் தலைப்பிள்ளை என் பாலைக் குடிச்சே செத்தான். தின்னுறதுன்னா நீ தின்னு. வயித்துப் பிள்ளைக்காரிக்குக் கொடுக்காதே."

வரியனின் வால் ஒரு கணம் ஆடாமல் நின்றது. பிறகு சிரித்தான்.

"பிடிபட்டது எல்லாம் தான் கசப்புன்னுதான் சொல்லும், ஆத்தா."

வழக்கப்படி முதல் துண்டை அவன் ருசிகூடப் பார்க்கவில்லை. ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு, பல் படாமல் பதமாகக் கவ்வி, அப்படியே நீலியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். நீலி கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். துளிக்கூடக் கசக்கவில்லை என்றாள். பெரியாத்தாள் சாகும்போதும் பொய் சொன்னாள் பாருங்கள் என்று வரியன் அந்தக் கடல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நாள் வந்தது. நீலி பதினேழு குட்டி போட்டாள். பதினாறு குட்டிகள் அசையாமல் ஆழத்துக்கு இறங்கிப் போயின. ஒன்று மட்டும் நீந்தியது. அதற்கும் நேராகப் போகத் தெரியவில்லை. ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டே இருந்தது.

நீலி அழவில்லை. குட்டியையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த ஆத்தா சாகிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

வரியன் அவளைப் பார்க்காமல் திரும்பினான்.

விறுவிறுவென்று முகத்துவாரத்துக்குப் போனான். குழாய் நீலமும் சிவப்புமாய் ஊற்றிக்கொண்டிருந்தது. பாய்ந்து கடித்தான். முதல் வரிசைப் பல் உதிர்ந்தது. இரண்டாவது வரிசையும் உதிர்ந்தது. இரும்பில் ஒரு கீறல்கூட விழவில்லை.

வளையிலிருந்து குழியன் எட்டிப் பார்த்தான். இப்போது அவனுக்கு மூன்று கால்தான் இருந்தது.

"போதும், விடுங்க ஐயா. தனியா கடிச்சா ஆகாது. கடலே திரண்டு வந்து கல்லையும் மணலையும் தள்ளி அடைக்கணும். அதைக் கேட்கத்தான் அன்னைக்கு வந்தேன்."

வரியன் கடலின் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் கூப்பிட்டால் பயந்துகொண்டாவது வருகிறவர்கள் நிறைய உண்டு. ஆனால் பெரும் பாறையைத் தள்ளும் வலு இருந்தது பெரியாத்தாள் ஒருத்திக்குத்தான்.

எளியவன் வாசலில் கொட்டும் விஷத்தைப் பார்த்துச் சிரிப்பவனின் தொட்டிலுக்கே ஒருநாள் அது வந்து சேரும்.